தெருவுக்குச் சொல்லாதது

ஜனவரி 7, ஞாயிறு

விடிந்ததும் விடியாததுமாக ஹாரன் அண்ணன் கதவைத் தட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரர். ஆயுசெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை, அதனால் தெருவே வைத்த பெயர் அது. எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர் அவர். செயலாளர் நான்.

"இன்னிக்குத் தெரு சுத்தம் பண்ற நாள்மா. நீங்க வந்து நின்னாத்தான் மத்தவங்க வெளிய வருவாங்க."

போய் நின்றேன். வாரம் பூராவும் கண்ணாடிக் கடையில் குனிந்து லென்ஸ் பொருத்துகிறவளுக்கு ஒரு ஞாயிறாவது மிஞ்சக் கூடாதா? இந்தச் செயலாளர் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் போன கொஞ்ச நாளில், "உங்களுக்கும் மனசு மாறும்" என்று என் தலையில் கட்டினார்கள். மனசு மாறவில்லை. இடுப்புதான் போயிற்று.

ஜனவரி 21

அக்கா போன் செய்தாள். அவள் ஊரில், அவள் வீட்டு மாடி அறை காலியாகிறதாம்.

"நீ வந்துடு. இந்த வருஷம் முடியற வரைக்கும் யாருக்கும் விடாம வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதுடி. லென்ஸ் மாட்ட இங்க கடையா இல்ல?"

வருகிறேன் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் கதவு, என் சாவி, கூப்பிட்டால் மட்டும் கீழே இறங்கினால் போதும். நாளைக்கே அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 3

சொல்லவில்லை.

பிப்ரவரி 18

ஏன் சொல்ல வாய் வரவில்லை? எழுதியாவது பார்க்கிறேன்.

இந்தத் தெருவில் 'முறை' என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டில் யாராவது படுத்துவிட்டால் மற்ற வீடுகள் முறை போட்டுக்கொள்ளும். சாப்பாடு ஒருவர், துணி துவைப்பது ஒருவர், ஆஸ்பத்திரியில் உட்காருவது ஒருவர். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த நாட்களில் நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போன நேரத்தில் நான் குளித்து வர வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஹாரன் அண்ணன்.

அந்த மனுஷரிடம் போய், "உங்க தெரு எனக்கு மூச்சு முட்டுது" என்று எப்படிச் சொல்வேன்?

மார்ச் 17

தெருப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளோடு பெரியவர்களும் ஓடியே தீர வேண்டும் என்று சாக்கு ஓட்டத்தில் இறங்கிய அண்ணி — ஹாரன் அண்ணன் மனைவி — குப்புற விழுந்து, எழுந்து, முதல் பரிசும் வாங்கிவிட்டாள்.

பரிசு கொடுத்து முடித்ததும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார். அவருக்கு எதற்கு மைக்? "இத்தனையும் தனி மனுஷியா நின்னு பண்ணது நம்ம செயலாளரம்மா. இவங்க இல்லாம நம்ம தெரு இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மே 5

கடையில் சரக்கு வந்த காலி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறேன். வீட்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கியிருக்கிறேன். வேண்டுமென்றேதான். பெட்டி எதற்கு என்று யாராவது கேட்கட்டும், உடனே சொல்லிவிடுவேன்.

மே 11

யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்தால் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன. பழைய சட்டை, பழைய பாவாடை, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். பக்கத்து வீட்டு டீச்சர் தடிப் பேனாவால் ஒரு பெட்டியில் 'ஆண்கள்', இன்னொன்றில் 'குழந்தைகள்' என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"பழைய துணி சேர்த்து ஆதரவற்றோர் இல்லத்துக்குக் குடுக்கறது நல்ல யோசனை. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

இந்தத் தெருவில் வாசலில் வைத்தது எதுவானாலும் அது சங்கத்துக்கு. அது எனக்கு மறந்துவிட்டது. 'இல்லை, பெட்டி என்னுடையது' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆமா, சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். எனக்கு என்ன கேடு?

ஜூன் 9

மழை. பெட்டிகளை உள்ளே இழுத்தாயிற்று. கூடத்தில் துணி, கட்டிலுக்கடியில் துணி, குளியலறை வாசலில் துணி. குடியிருப்பது நானா, இந்தச் சட்டைகளா? யாரோ ஒரு புண்ணியவான் ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒற்றைக் காலுக்கு நான் எங்கே போய் ஆள் தேடுவது?

ஆகஸ்ட் 4

"வரியா இல்லியா?"

"வரேன்கா."

"எப்ப?"

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"எனக்குப் படி ஏற முடியல. மேல கூட்டிப் பெருக்க ஆள் இல்லாம தூசி அடையுது. நீ அந்தத் தெருவையே கட்டிட்டு அழு."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 15

இல்லத்திலிருந்து வண்டி வந்து துணிகளை எடுத்துப் போயிற்று. பெட்டிகளோடு.

செப்டம்பர் 28

காய்ச்சல். எனக்கு முறை போட்டிருக்கிறார்கள். ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். கதவைச் சாத்தவே விடவில்லை. அண்ணி நெற்றியைத் துடைத்துவிட்டபோது அழுதுவிட்டேன். "காய்ச்சல் வேகம்" என்றாள். இவ்வளவு அன்பையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருக்கலாம்.

அக்டோபர் 13

இன்று சங்கத்தின் கண் பரிசோதனை முகாம். வரிசை குறைந்த நேரத்தில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க பெட்டியில துணியைப் போட்டது தப்பு. எனக்குத் தூக்கமே வரல. பெட்டிங்களைப் பாத்ததுமே நீங்க வீடு மாத்தறீங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. அண்ணன்தான் சொன்னாரு, 'கேட்டா சொல்லிடுவாங்க, சொன்னா போயிடுவாங்க. யாரும் கேக்காதீங்க'ன்னு."

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கு! நான் ஒருத்திதான் எப்படிச் சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு பைத்தியக்காரி மாதிரி செத்துக்கிட்டு இருந்திருக்கேன். இன்னிக்கு இனி எழுத முடியாது.

அக்டோபர் 14

எதிர்வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

அண்ணன் குரல் இவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "கடைசியா என் கையைப் புடிச்சிட்டு அவன் சொன்னது ஒண்ணுதாம்மா. 'அவளைத் தனியா விட்டுடாதீங்க'ன்னான். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் சொல்லத் தெரியாமல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கடைசியாகக் கேட்டது என்ன, பேசினாரா, வலித்ததா என்று இத்தனை நாள் நானும் அண்ணனிடம் கேட்கவில்லை. அங்கேயே அழுதேன். ஆனால் கோபமும் போகவில்லை.

"தனியா விட்டுடாதீங்கன்னா கட்டிப் போடுங்கன்னா அர்த்தம், அண்ணே?"

அண்ணி அவர் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள்.

"நான் போறேன். எங்க அக்காகிட்ட" என்றேன்.

அக்காவுக்கும் போன் செய்துவிட்டேன்.

நவம்பர் 24

சங்க ஆண்டுக் கூட்டம். எழுந்து நின்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

புதுச் செயலாளர் யார் என்று அண்ணன் கேட்டார். ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கோ வாய் துடித்தது. "சரி, ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே..." என்று தொண்டை வரை வந்துவிட்டது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டீச்சர் கையைத் தூக்கினாள், பாவம்.

டிசம்பர் 29

அக்கா வீடு.

சாமான் வண்டியை ஹாரன் அண்ணனே ஓட்டிவந்தார். ஓட்டுநரை வைத்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வந்ததும் அத்தனை பெட்டிகளையும் அவரே மாடிக்குச் சுமந்தார். தேநீர் குடித்தார். கிளம்பும்போது அக்காவிடம் கும்பிட்டுவிட்டு, "இவங்களைத் தனியா விட்டுடாதீங்கம்மா" என்றார். என் பக்கம் திரும்பாமலே போய் வண்டியை எடுத்தார். அது முனை திரும்பும் வரை நின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா கேட்டாள். "புது இடம். இன்னிக்கு மட்டும் கீழ என் பக்கத்துல படுத்துக்கறியா?"

"வேணாம்கா. மாடியிலதான்" என்றேன்.

"சரி போ" என்றாள் அக்கா.