மேசைக்கு எலுமிச்சம்பழம்

16 அக்டோபர் 2010, சனி. கடலூர்.

கார் ஷெட் சிறியது. வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளிவிடலாம் என்று, என் கணவர் சக்கரம் வைத்த தச்சு மேசை ஒன்று செய்துவந்தார். நேற்றுதான் முடிந்தது. இன்று ஆயுத பூஜை. மேசைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

"மேசைக்கு எதுக்குங்க பழம்?" என்றேன்.

"உருளுதில்ல? அப்ப அதுவும் வண்டிதான்."

சக்கரங்களின் பூட்டை எடுத்துவிட்டு, கற்பூரத் தட்டோடு மேசைக்கு எதிரே, மூடிய கேட்டை ஒட்டி நின்றார். மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தரை கேட்டை நோக்கிச் சரிந்திருப்பது இருவருக்குமே நினைவில்லை. பழங்கள் கொஞ்ச நேரம் தாங்கி, நசுங்கின. மேசை இறங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். மேசை கேட்டில் மோதி நின்றது.

"ஒண்ணும் ஆவல. மேசையில ஒரு கீறல்கூட இல்ல, பாரு," என்று தடவிக்கொடுக்கிறார்.

கேட்டைப் பூட்டப் போனபோதுதான் கவனித்தேன். குறுக்குக் கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. அவர் வயிற்றின் உயரத்தில்.