விடுதியில் ஒரு படுக்கை

பிரையனி,

எழுந்தேன், கெட்டில் வைத்தேன், கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினேன், உன் சீருடையைத் தேய்த்தேன். டப்பாவில் உனக்கும், வீட்டு ரொட்டிக்குக் காத்திருக்கும் விடுதிப் பெண்களுக்கும் அம்மா வைப்பதுபோல் சாண்ட்விச் இருக்கிறது.

நேற்று, "என்னை விடுதியில தள்ளிட்டு நிம்மதியா இருக்கப் பாக்குறியாப்பா?" என்று கேட்டாய். அம்மாவின் கடைசி ஆசையே உன்னை விடுதியில் சேர்ப்பதுதான் என்கிறாள் உன் அத்தை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் அருகில் இருந்தவன் நான். விடுதியில் படுக்கை வேண்டாம், நீ வீட்டிலிருந்தே வருவாய் என்று பள்ளிக்கு எழுதிவிட்டேன்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு. அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: "என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காத, ஃபெர்கஸ். பள்ளிக்கூடம் விட்டிருக்கும், பிள்ளை கேட்ல தனியா நிப்பா. போய் வீட்டுக்குக் கூட்டிட்டு வா."