கன்று குடித்தது போக

அத்தானுக்கு,

தங்கச்சி மகள் காதுகுத்துக்கு அடையாறு போகிறேன். விருந்துச் சாப்பாட்டுக்கு உங்களை இழுக்கவில்லை. ஊறவைத்த பயறும் தேங்காய்ப்பூவும் மூடி வைத்திருக்கிறேன். விளக்கு வைக்கத் திரும்பிவிடுவேன்.

அடுப்பில் ஏறிய எதையும் தொடாமல் ஒரு வருஷம் நின்று மூச்சிளைப்பையே விரட்டிவிட்டீர்கள். உங்கள் வைராக்கியத்தை நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் கால் மரத்துப்போகிறதே என்று பால் சேர்க்கச் சொன்னார் டாக்டர். அதைச் சொன்னதற்கு நேற்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள். "செத்த கன்னுத் தோல்ல வைக்கோல அடைச்சு, பசுவ ஏமாத்திக் கறக்குற பால் எனக்கு வேண்டாம்." நியாயம்தான். அந்தப் பால்காரரை நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் கோட்டூர் கெங்கம்மா மாட்டையும் கன்றையும் ஓட்டி வருவாள். "கன்னு வயிறு ரொம்பட்டும்மா, அப்பால கறக்கிறேன். ஐயா பாத்துக்கினு நிக்கட்டும்" என்றாள். நின்று பாருங்கள். மனசு ஒப்பினால், கறந்த சூட்டிலேயே ஒரு டம்ளர். காய்ச்ச வேண்டாம்.

தங்கபுஷ்பம்

பி.கு: மாடிச் சாவி ஜன்னல் மேல்.

இன்னொன்று: ஒப்பாவிட்டால் விடுங்கள், இனி பேச மாட்டேன். ஆனால் ராத்திரி நான் எண்ணெய் தேய்க்க வரும்போது நேற்று மாதிரி காலை இழுத்துக்கொள்ளாதீர்கள்.