காணாமல் போன நுண்ணுயிர்கள்

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் பெட்டியோடு கிளம்பிப் போனதைப் பற்றி எழுதவில்லை. இது ஆய்வு விஷயம்.

பூச்சிமருந்து குடல் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்கிறோமே, அதில் மருந்து படாத ஆள் என்று ஒப்பிட என் மலத்தைத்தானே மாதாமாதம் கொடுக்கிறேன்? இந்த முறை பல நுண்ணுயிர்களைக் காணோம். "மேடம், உங்க வீட்ல ஏதோ விஷம் இருக்கு" என்று உதவியாளர் பதறிவிட்டார். அரிசி, தண்ணீர், வாணலி எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றுமில்லை.

"அப்ப வீட்ல என்னதான் மாறிச்சு?"

"ஒண்ணுமே மாறலியே" என்றேன்.

முன்பு முகத்தைச் சுளித்துக்கொண்டே நீங்களும் மல மாதிரி ஒன்று கொடுத்தீர்களே, அதை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் காணாமல் போனவை எல்லாம் அதில் இருக்கின்றன. சேர்ந்து வாழ்பவர்களுக்குள் இவை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்.

ஆய்வு கெடக்கூடாது. ஒரு மாதம் வந்து என்னோடு சாப்பிடுங்கள். பேசக்கூட வேண்டாம்.

வீட்டை விட்டுப் போகாத,
உங்கள் மனைவி