சீனியைக் குறை, தண்ணியைக் கூட்டு

இன்று காலை வேலைக்குக் கிளம்பியபோது எங்கள் மாடி நடைபாதையில் கேக் கருகும் மணம் வந்தது. ரொறன்ரோ மல்வேர்னில் இந்தக் கட்டடத்தில் யாராவது எதையாவது கருக்குவது புதிதல்ல. ஆனாலும் என் கால் நின்றுவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று, பஸ்ஸைத் தவறவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னாரில் ஒரே வகுப்பில் படித்தோம். ரொறன்ரோவிலும் மூன்று ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தோம். உன் கணவனுக்கு அல்பேட்டா மலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து நீங்கள் போனபோது நான் ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் கேக் செய்துகொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானங்களில் எனக்குப் போன் எடுப்பாய். முதல் மாதமே கேட்டாய்.

"கேக் நல்லாத்தான் பொங்கி வருது. பிறகு நடுவிலை குழி விழுந்து இருந்திடுது. என்னடி செய்யிறது?"

எங்கள் மூத்த பேக்கர் மலை ஊரொன்றில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்றார். மா இறுகுவதற்கு முன்பே கேக் அளவுக்கு மீறிப் பொங்கிவிடும், பிறகு தாங்கமாட்டாமல் விழும். அதை நான் பெரிய அறிவாளிபோல உனக்கு ஒப்புவித்தேன். "பேக்கிங் பவுடரைப் பாதியாக்கு. சீனியைக் குறை, தண்ணியைக் கூட்டு. ஓவன் சூட்டைக் கொஞ்சம் ஏத்து." நீ ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாய்.

அடுத்தது கடலை. இரவு முழுக்க ஊறப்போட்டு மூன்று மணித்தியாலம் அவித்தும் கல்லாகக் கிடக்கிறது என்றாய். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அவியவில்லை என்று விளக்கினேன்.

"அவருக்கு அவியாட்டிப் பிடிக்காது."

"உன்ரை மனுசன் நல்ல சாப்பாட்டுக்காரன்," என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு, "சரியா வந்தா அண்டைக்கு வீடு அமைதி," என்றாய்.

அது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகு நான் செய்தது, பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி உனக்குப் பார்சலில் அனுப்பியதுதான்.

பிறகு வந்த ஒரு ஞாயிறு உன் கணவனின் பிறந்தநாள். மாலையில் ஹோட்டல் மேலாளர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. உன் கையெல்லாம் மா. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேசினாய். இரண்டாவது கேக்கும் விழுந்துவிட்டது என்று நீ சொல்லி முடிக்கவில்லை, கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"உதென்ன?" என்றான். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"இன்னொண்டு போடுறன். நேரம் கிடக்கு."

"ஆக்கள் வரேக்கை உதையோ வைக்கப்போறாய்?"

தட்டு சுவரில் மோதி விழுந்தது. பிறகு ஓர் அடி. கன்னத்தில் விழும் அடியின் சத்தம் அல்ல அது. மா மூட்டையைத் தரையில் போட்டால் வரும் சத்தம். இன்னொன்று. பிறகும் ஒன்று. நீ கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழகியிருந்தாய். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். அந்தப் பானையை அவன் எடுத்து உன் தோளில் கவிழ்த்தபோதுதான் அலறினாய்.

"அண்ணை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்று போனுக்குள் கத்தினேன்.

ஒரு கணம் எல்லாம் ஓய்ந்தது. பிறகு இரும்பு எதன்மேலோ பலமாக இறங்கியது. இந்தத் தடவை ஊளையிட்டது அவன். அதோடு லைன் அறுந்தது.

நான் அனுப்பிய குக்கரின் மூடியால் நீ அவன் வாயில் அடித்திருக்கிறாய். இரண்டு பற்கள் போயின. அதன் பிறகு அவன் உன்னைக் கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தான். நான் பார்சல் ரசீதைத் தேடி எடுத்து, உன் முகவரியைப் பொலிசுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது உனக்கு மூன்று விலா எலும்புகளும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. அவன் மேசையடியில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தானாம்.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி ரொறன்ரோவுக்கு விமானத்தில் வந்து இறங்கினாய். காரில் ஏறியதும் நீ சொன்ன முதல் பேச்சு இது: "மலைத் தண்ணி எண்டபடியாத் தப்பினன். உன்ரை ரொறன்ரோத் தண்ணியெண்டா தோல் முழுக்கக் கழண்டிருக்கும்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். விலா நொந்ததில் சிரிப்பு இடையில் நின்றுபோனது.

என் வீட்டில் இருந்த இரண்டாம் மாதம் ஒரு கேக் போட்டாய். கை பழகிப்போய் மலைக்கணக்கிலேயே போட்டிருந்தாய். அது பொங்கவேயில்லை, பலகைபோல இறுகிக் கிடந்தது. வேலையிலிருந்து வந்து நான் குசினிக் கதவைத் திறந்ததும், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாய். நான்தான் என்று தெரிந்த பிறகும் கைகள் இறங்க நேரமெடுத்தது. பிறகு ரொட்டிக் கட்டையை எடுத்து அந்தக் கேக்கை அடித்தாய். தட்டு நெளியும்வரை அடித்தாய். நான் தடுக்கவில்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"எத்தினை ஞாயிறு போன் எடுத்தனான். அவர் அடிக்கிறவரோ எண்டு நீ ஒருக்காலெண்டாலும் கேட்டனியோ?"

"எனக்கு விளங்கேல்லையடி," என்றேன்.

அது பொய். இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். 'அமைதி' என்று நீ சொன்ன அன்றே எனக்கு விளங்கியது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பயந்தேன். சீனியைப் பற்றிப் பேசுவது இலேசாக இருந்தது.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் எங்கள் பேக்கரியிலேயே என் பக்கத்து மேசையில் நின்றாய். நீ அதைத் திரும்பக் கேட்கவில்லை. போன வருடம் பஸ் நிறுத்தத்தில் உன் இதயம் நின்றுபோகும்வரை நானும் சொல்லவில்லை.

இப்போது நான் எல்லோரிடமும் கேட்கிறேன். போன கிழமை ஒஷாவாவிலிருந்து ஒருத்தி கேக் எடுக்க வந்தாள். கேக்கில் எழுதியிருந்ததில் ஒரு பிழை. "உப்பிடியே கொண்டுபோனா அவர் என்னைக் கொன்றுபோடுவார்," என்று சிரித்தாள். ஊரெல்லாம் சொல்கிற பேச்சுத்தான். "தங்கச்சி, அவர் உங்களுக்கு அடிக்கிறவரோ?" என்று கேட்டேன். "என்ன அன்ரி உது? அவர் பாவம்," என்று ஏசிவிட்டுப் போனாள். அநேகமாக எல்லோரும் ஏசுகிறார்கள். முதலாளி இரண்டு தரம் எச்சரித்துவிட்டார்.

மார்கழியில் வந்த ஒருத்தி மட்டும் ஏசவில்லை. கேக் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தாள். பின்னால் வரிசை நீண்டது. நான் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவளிடம் போனேன்.