விதி பதினான்கில் இல்லாத ரத்தம்

செந்தேரி குடியிருப்பு, செவ்வாய்க் கோள்
ரத்தப் பரிசோதனைக் கூடம்
பதிவு: தில்லைநாயகி, ஆய்வக நுட்பர்

நாள் 611. காலை 8:10

வழக்கமான பதிவு. உருக்காலைத் தொழிலாளர் இருபத்து நான்கு பேருக்கு அரையாண்டு ஈயப் பரிசோதனை அடுத்த வாரம். ஒரு சோதனைக்கு ஒன்று வீதம் செலவாகும் சில்லுகள் கையிருப்பு 26. அதற்கு முன் கருவியைச் சரிபார்க்க வேண்டும். ஈயம் கலக்காத ரத்தம் ஒரு சொட்டு ஊற்றினால் கருவி சுழியை ஒட்டிக் காட்ட வேண்டும். பூமியிலிருந்து வந்த மாதிரி ரத்தம் காலாவதியாகிவிட்டது. புதிது கேட்டு எழுதி ஒன்பது மாதம் ஆகிறது. பதில் இல்லை.

இதை யார் படிக்கப் போகிறீர்களோ. எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காருகிறவர் என்றால், முதல் வேலையாக அந்த மாதிரி ரத்தத்துக்கு எழுதிப் போடுங்கள். டீ குடிப்பதெல்லாம் அப்புறம்.

காலை 10:30

வழி கிடைத்தது. பூமியிலிருக்கும் நலக் குழுவின் விதி 14: ஈயப் பரிசோதனை உருக்காலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பாதுகாப்பு அறையில் இருப்பதால் அவர்களுக்குத் தேவையில்லை. கதிர்வீச்சு படக்கூடாது என்று அவர்களுக்காகவே கட்டிய அறை அது. பழைய விண்கப்பலின் அணு உலைக் கவசத்தைக் கழற்றி, அந்த ஈயத் தகடுகளைச் சுவரிலும் கூரையிலும் அடித்து, மேலே மூன்று பூச்சு வெள்ளைப் பெயின்ட்.

ஆக, இங்கே சுத்தமான ரத்தம் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஜெசிந்தாவின் மகன் அமலன், பத்தொன்பது மாதம். சோகை பார்க்க எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைப் போடுகிறேன்.

காலை 11:05

கருவி காட்டியது: டெசிலிட்டருக்கு 47 மைக்ரோகிராம்.

கருவி கெட்டுவிட்டது. உருக்காலையில் நாள் முழுக்க ஈயத்தோடு புரளுகிற ஆட்களுக்கே போன முறை பதினெட்டைத் தாண்டவில்லை. இந்த ஓட்டை டப்பாவை நம்பி என்னை இங்கே அனுப்பினார்கள் பாருங்கள்.

காலை 11:40

என் விரலையே குத்திப் போட்டேன். 2.

கருவிக்கு ஒரு கேடும் இல்லை.

நாள் 612. காலை 9:15

சரியாகத் தூங்கவில்லை. பிள்ளையின் விரலில் ஒட்டிய தூசியால் அளவு தவறியிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்று மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, நரம்பிலிருந்து எடுத்தேன். அதற்கு முன் இண்டர்காமில் ஜெசிந்தா பேசியது:

“யக்கா, முந்தாநாள்தான ஊசி குத்துனிய? மறுபடியுமா? பிள்ள உங்களக் கண்டாலே அழுகான். சரி, கொண்டாரேன். நானே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். முன்னல்லாம் அம்மா, பாலுன்னு ரெண்டு வார்த்த சொல்லுவான். இப்ப ஒரு மாசமா அதுவும் இல்ல. மந்தமாவே கெடக்கான். ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்ங்காவ எல்லாரும். அப்படியாக்கா?”

அப்படி இல்லை, ஜெசிந்தா. “சீக்கிரம் கொண்டு வா” என்று மட்டும் சொன்னேன்.

அமலன்: 46. ஜெசிந்தாவையும் பார்த்தேன்: 22. அவளுக்கு இது ஏழாம் மாதம். தாயின் ரத்தத்தில் இருக்கிற ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. தெரிகிற அன்றைக்கு மூளையில் போனது போனதுதான்.

நலக் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். போக 14 நிமிடம், வர 14 நிமிடம். நடுவில் அவர்கள் யோசிக்கிற நேரம் தனி.

நாள் 613. மாலை 4:00

நலக் குழுத் தலைவர் மருத்துவர் அனுசூயாவின் பதில், எழுத்துப் பிசகாமல்:

“தங்கள் தகவல் கிடைத்தது. விதி 14-இன்படி குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களின் அளவீட்டைக் குழு கணக்கில் எடுக்க இயலாது. விதியைத் திருத்தக் குறைந்தது பத்துக் குழந்தைகளின் அளவீடு தேவை. பட்டியலில் இல்லாதவர்களுக்குச் சில்லுகளைப் பயன்படுத்துவது விதிமீறல் என்பதையும் நினைவூட்டுகிறோம்.”

மூன்று தடவை படித்தேன். சோதிக்கக் கூடாது, ஏனென்றால் விதி இல்லை. விதி வேண்டுமென்றால் சோதித்துக் காட்ட வேண்டும். வாயில் வருவதை இங்கே எழுதினால் பதிவேடு கூசும்.

நாள் 614. பகல் 1:20

பாதுகாப்பு அறைக்குள் ஈயம் எங்கிருந்து வருகிறது? ஈயம் பட்டால் சிவக்கிற தாள் ஒரு கட்டு இருக்கிறது. அதற்கு விதி கிடையாது, நல்லவேளை.

தண்ணீர்: இல்லை. பால்மாவு: இல்லை. விளையாட்டுச் சாமான்: இல்லை. சுவர், ஆள் உயரம் வரைக்கும் தேய்த்துப் பார்த்தேன்: பெயின்ட் அப்படியே இருக்கிறது, தாள் சிவக்கவில்லை. தரை, வாசல் பக்கம்: இல்லை. அப்பன்மார் வேலை உடுப்போடு வருகிறார்களா என்று பார்த்தேன். குளித்து, உடுப்பு மாற்றித்தான் வருகிறார்கள்.

நாள் 615. காலை 10:50

தரையின் நடுப்பகுதி. தாள் ரத்தச் சிவப்பு.

ஜெசிந்தாவிடம் இண்டர்காமில் கேட்டேன், அமலன் எங்கே படுக்கிறான் என்று.

“எங்க படுப்பான், தூளியிலதான். கம்பெனி குடுத்த கட்டில்ல எந்தப் பிள்ள தூங்குது? நம்ம ஊருல மாதிரி இங்க தூளி வேகமா ஆடாதுல்லாக்கா, அசைஞ்சு அசைஞ்சுதான் வரும். பிள்ளைக்குப் பத்தாது. நாங்க கயித்தப் போட்டு இழுத்து இழுத்து ஆட்டுவோம். ஒம்போது தூளி கெட்டியிருக்கு, வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். ஏணி போட்டு ஏறினேன். கூரைத் தகட்டைத் துளைத்துக் கொக்கி மாட்டியிருக்கிறார்கள். கொக்கியில் இரும்பு வளையம், வளையத்தில் சேலை. இங்கே ஈர்ப்பு குறைவு; தூளி மெதுவாகத்தான் போய் வரும். அதனால் இழுக்கிறார்கள். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் கொக்கி துளையின் ஓரத்தை அறுக்கிறது. பெயின்ட் போய், தகடு பளபளவென்று தெரிகிறது. அரைத்த மாவு போல ஈயத்தூள் நேரே கீழே இறங்குகிறது. கீழே பிள்ளை. பிள்ளை முகம். பிள்ளை வாயில் வைக்கிற கை.

கட்டிலில் படுக்கிற பிள்ளைகள் இரண்டே பேர்.

பகல் 12:30

இதை எழுதித்தான் ஆக வேண்டும். கூரையில் கொக்கி அடிக்க அனுமதி கேட்டு ஒன்றரை வருடத்துக்கு முன் பெண்கள் மனுக் கொடுத்தார்கள். சுகாதாரப் பிரிவின் சம்மதம் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டது நான். பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும் என்று பக்கத்தில் ஒரு வரி வேறு எழுதியிருக்கிறேன்.

தூளிகளை இறக்கப் போகிறேன். பிறகு எழுதுகிறேன்.

நாள் 616. காலை 8:00

தூளிகள் எல்லாம் இறங்கிவிட்டன. தரையையும் கூரையையும் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறோம். நிர்வாகி சபாபதி இண்டர்காமில் வந்தார்:

“ஏனுங்க அம்மிணி, தொழிலாளிங்களுக்கு வெச்சிருக்கற சில்ல எடுத்துக் கொழந்தைகளுக்குப் போடப் போறீங்கன்னு சொல்றாங்களே? அப்படியெல்லாம் பண்ணிப் போடாதீங்க. அரையாண்டு சோதனை நடக்கலீன்னா ஆலைய மூடுன்னு சொல்லிப் போடுவாங்க. அப்பறம் இங்க காத்துக்கும் தண்ணிக்கும் நான் எங்கீங்க போறது?”

அவர் சொல்வது பொய்யில்லை; ஆலை ஓடினால்தான் இங்கே காற்றும் தண்ணீரும். அதுதான் எரிச்சல்.

காலை 9:40

ஜெசிந்தாவின் கணவன் சிலுவைமுத்து உருக்காலையிலிருந்து பொதுத் தடத்தில் பேசினான். குடியிருப்பு முழுக்கக் கேட்டது:

“சபாபதி சார், யக்கா, ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. எங்க ரத்தத்த எவன் கேட்டான்? இருபத்து நாலு பேரும் எழுதித் தாரோம், எங்களுக்குச் சோதன வேண்டாம்னு. அந்தச் சில்ல பிள்ளையளுக்குப் போடுங்க. எவன் வந்து கேக்கான்னு பாப்போம்.”

சபாபதி இருமினார், தடத்தை அணைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை 5:30

அமலனை ஏற்கெனவே பார்த்தாயிற்று; மற்றப் பத்துப் பிள்ளைகளும் முடிந்தது. தூளிப் பிள்ளைகள் ஒன்பது பேர்: 28-இல் தொடங்கி 51 வரை. கட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்: 8, 9.

எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பிவிட்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டும், அமலன் அதில் ஒருவன். ஈயத்தைப் பிடித்து வெளியே இழுக்கிற மாத்திரை பத்தடி தூரத்தில், மருந்து அலமாரியில் இருக்கிறது. தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அலமாரி திறக்கும். எடைக்குத் தக்க அதுவே அளந்து கொடுக்கும். உடைக்கப் பார்த்தேன். சுத்தியல்தான் உடைந்தது.

நாள் 619. காலை 11:00

மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. இன்று வந்தது.

“தங்கள் ஆய்வு மிகச் சிறப்பானது. குழு ஒருமனதாக விதி 14-ஐத் திருத்தியுள்ளது. இனி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் முதல் பரிசோதனையிலேயே ஈயம் பார்க்கப்படும். குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பார்க்கப்படும். தேவையான சில்லுகளும் மருந்துகளும் அடுத்த கப்பலில் வரும். கப்பல் வந்து சேரும்வரை தற்போதைய பட்டியலே தொடரும். வாழ்த்துகள்.”

அடுத்த கப்பலுக்கு இருபத்தாறு மாதம்.

வாழ்த்துகளாம். ஐயோ, நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்?

மாலை 3:15

யோசித்தாயிற்று. யோசித்து என்ன, செய்தாயிற்று.

தொழிலாளர் பதிவேட்டில் புதுப் பெயர் சேர்க்க எனக்கு உரிமை உண்டு; வேலைக்குச் சேருகிறவனின் உடல் தகுதியை எழுதுவது நான்தான். எழுதினேன்.

அமலன். பணி: உருக்காலை. எடை: பத்து கிலோ. வயது: பத்தொன்பது மாதம். ரத்த ஈயம்: 46.

பதிவேடு ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “பதிவு ஏற்கப்பட்டது.” பதினொரு பிள்ளைகளையும் ஏற்றினேன். அலமாரி திறந்தது. இன்னொரு விதியும் நமக்குத் தோதாக இருக்கிறது: பதிவேட்டில் ஏறிய தொழிலாளியை அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் நீக்க முடியாது. என் தொழிலாளிகள் பேனாவைப் பிடித்தால் வாயில்தான் வைப்பார்கள்.

முதல் மாத்திரையை அமலன் துப்பினான். இரண்டாவது உள்ளே போனது.

நாள் 620. காலை 9:05

சபாபதி:

“அம்மிணி, ஆலைக்குப் புதுசா பதினோரு ஆளு சேந்திருக்காங்களாட்ட. ஒருத்தரு ஒசரம் ரெண்டரை அடின்னு போட்டிருக்குது. நான் கண்ணாடி போடாம கையெழுத்துப் போட்டுட்டனுங்க. வயசாச்சுல்ல, என்ன பண்றது.”

இந்த மனிதரை இத்தனை நாள் திட்டியதற்கு மனது உறுத்துகிறது.

நாள் 645. காலை 10:20

மறு சோதனை. பதினொரு பேருக்கும் பதினொரு சில்லு. அமலன் 29. மற்றவர்களும் இறங்குகிறார்கள். ஒரேயடியாகச் சந்தோஷப்பட முடியவில்லை. எலும்பில் இருப்பது மெல்ல மெல்ல ரத்தத்துக்கு வரும். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூமியில் யாராவது பதிவேட்டைத் திறந்து பார்த்தால்?

ஜெசிந்தாவுக்கு மாத்திரை கொடுக்க முடியாது, வயிற்றில் பிள்ளை. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் கொடுக்கிறேன். வேறு வழி இல்லை. “அவன் நேத்து பாலுன்னு சொன்னான் யக்கா, நெசமா” என்று கூப்பிட்டுச் சொன்னாள். இன்னொரு பெண் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். நான் ஜெசிந்தாவை நம்பவே ஆசைப்படுகிறேன்.

கையிருப்பு: ஒரே ஒரு சில்லு.

நாள் 651. காலை 9:30

திறந்து பார்த்துவிட்டார்கள்.

“பதிவேட்டில் பதினொரு தொழிலாளர்களின் வயது நான்குக்கும் கீழாக உள்ளது. இது கடுமையான முறைகேடு. சட்டப்படி அப்பெயர்களை உடனே நீக்க இயலாத நிலையில், மேலும் பெயர்கள் சேராமல் தடுக்க, பதிவேட்டில் தங்கள் உரிமை இன்று நண்பகல் 12 மணிக்கு ரத்தாகிறது.”

பன்னிரண்டு மணி. ஜெசிந்தாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி.

காலை 10:45

இன்னும் இல்லை. பிரசவம் பார்க்கிற இடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நாலு தடவை ஓடிவிட்டேன். பிள்ளை பிறந்தால்தான் எழுத முடியும். வயிற்றுப் பிள்ளைக்குப் பதிவேட்டில் இடம் இல்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

காலை 11:20

சிலுவைமுத்து இண்டர்காமில்: “யக்கா, தல தெரியுதுங்காவ. அவ உங்களத்தான் கேக்கா. மணி என்னன்னு கேக்கா.”

அந்த வலியிலும் மணி கேட்கிறாள்.

11:41

பெண். அழுதாள். நல்ல சத்தம். தொப்புள்கொடி ரத்தம் எடுத்து ஓடி வந்துவிட்டேன். கடைசிச் சில்லு. அளவு எழுதாமல் பதிவேடு ஏற்காது; கருவிக்கு ஒன்பது நிமிடம் வேண்டும். வேகமாக்க முடியாது. உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

11:52

19.

கட்டிலையும் பார்க்கவில்லை, தூளியையும் பார்க்கவில்லை. பிறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

11:55

எழுதுகிறேன். விரல் வழுக்குகிறது. கையைக் கழுவவில்லை.

பெயர்: இன்னும் வைக்கவில்லை.
பணி: உருக்காலை.
வயது:

சுழியை ஏற்க மாட்டேன் என்கிறது. பாவி, இப்போதுதானா உனக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது. நாள் ஒன்று என்று போடுகிறேன். ஏற்கிறது.

எடை: 2.6 கிலோ.
ரத்த ஈயம்: 19.
பணியில் சேர்ந்த நாள்: இன்று.

11:59

சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைப் படிக்கிறவரே, இந்தப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அமலனுக்கும், யார் தடுத்தாலும்

12:00

பதிவு ஏற்கப்பட்டது.
தொழிலாளர் எண் 0036. உருக்காலைக்கு நல்வரவு.
முதல் பணி முறை: நாளை காலை 6:00.