திரையில் முளைத்த மல்லாட்டை

மான்ஹைம், ஜெர்மனி
14.11.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி கம்மியானதா? அந்தக் காலோடு தீபத்துக்கு மலை சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? இங்கே குளிர் ஜாஸ்திதான், ஆனால் எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. மதுரை எண்ணெய்க் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் செய்துகொடுக்கும் சாஃப்ட்வேரில், தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் ஜெர்மன் வந்தது. தமிழ் கிடைக்காவிட்டால் அது தன் தாய்மொழிக்கே போய்விடும். நான் மொழிபெயர்க்கவே இல்லையென்று எல்லோரும் என்னை முறைத்தார்கள். தேடிப்பார்த்தால், தமிழ் ஃபைல் ஒன்றை ஏற்றவே மறந்திருக்கிறார்கள்! ஏற்றியதும் சரியாகிவிட்டது. கடலைக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் பேர் மட்டும் அப்படியே நின்றது. நம் கொல்லையில் விளைவதுதானே என்று நானே 'மல்லாட்டை' என்று அடித்துவிட்டேன்.

மறுநாள் மதுரையிலிருந்து போன். "மேடம், மல்லாட்டைன்னா ஏதும் புது மிஷினா?"

நம் பக்கத்தைத் தாண்டினால் அந்தப் பேர் யாருக்கும் தெரியாதாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'நிலக்கடலை' என்று மாற்றிக் கொடுத்தேன். மேனேஜருக்குச் சந்தோஷம்.

எதிர்வீட்டு பிரசாத் அண்ணன் தை மாதம் இங்கே வருகிறாராம். அவரிடம் ஒரு படி மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள், தோலோடு. பெட்டியில் இடமில்லை என்றால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது அந்தப் பேரை நீங்கள் ஒருதரம் சொன்னால் போதும்.

பஸ் வந்துவிட்டது அப்பா.

மதி